திரவியம் அண்ணாச்சியின் முதல் எண்

பழவங்காடி கணபதிக்கு உடைகிற தேங்காயில் பாதி திரவியம் அண்ணாச்சி கை பட்டதுதான் என்று நான் கேலி செய்வேன். கோவிலுக்கு எதிரே இருபத்தெட்டு வருடமாக அவருக்குத் தேங்காய்க் கடை. அடுத்த கடை என்னுடையது, பூவும் கற்பூரமும். வாய் ஓயாத மனிதர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கு வாய்தான் கடையே.

போன ஆவணியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. கை கால் மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரியும், வாயைத் திறந்தால் "ஆ" என்று மட்டும் வரும். நாலு மாதம் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர், இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

நான் அதை நம்பிவிட்டேன். இல்லாத நம்பிக்கையைக் கொடுத்து ஒருத்தரை அலைக்கழிப்பது எனக்கு ஆகவே ஆகாது. அவர் மனைவி பகவதியம்மாளிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"மைனி, இனி கைச்சாடையைப் பழகிக்கிடுங்க. வராததுக்கு ஏன் காத்துக் கெடக்கியோ?"

"நீ ஒம் பூவக் கெட்டு ராஜமணி. அவரு பேசுவாரு."

பிடிவாதக்காரி. கரமனையிலிருந்து ஆட்டோ பிடித்து வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள். தாங்கிப் பிடிக்க நானும் போவேன்.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் ஷில்பா, மலையாளப் பெண், தங்கமான பிள்ளை. ஒரு நாள் போனபோது, அதுதான் கடைசிப் பயிற்சி என்றார்கள். ஒரு வார்த்தையாவது வந்தால் தொடரலாம், இல்லையென்றால் படம் காட்டும் அட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சோற்றுக்கு ஒரு படம், தண்ணீருக்கு ஒரு படம், கக்கூசுக்கு ஒரு படம். அட்டை மேஜைமேல் தயாராக இருந்தது. மைனி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஷில்பா பசுப் படத்தைக் காட்டினாள், குடைப் படத்தைக் காட்டினாள். ஒன்றும் வரவில்லை. கடைசியில் கேட்டாள்: "அங்கிளே, ஒண்ணு தொட்டு பத்து வரெ எண்ணாமோ?"

அண்ணாச்சி வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, இல்லாத எதையோ எடுத்து இந்தப் பக்கம் வைத்தார்.

"லாபம்."

தெளிவாக, அவருடைய பழைய குரலில். நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஷில்பாவின் முகம்தான் வாடியது. இந்த நோயில் சம்பந்தமில்லாத வார்த்தை தானாக வந்து விழுவது உண்டாம். "ஒண்ணு எந்நல்லே பறயேண்டது? தெற்றிப்போயி" என்று, ஒண்ணு என்று சொல்லாததால் தாளில் தவறு போடப் போனாள்.

மைனி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"தெற்றல்ல மோளே! எங்க ஆளுக சரக்கு எண்ணும்போ ஒண்ணுன்னு தொடங்க மாட்டாவ. லாபம், ரெண்டு, மூணுன்னுதான் எண்ணுவாவ. அவரு ஒண்ணுதான் சொல்லியாரு!"

நாஞ்சில் நாட்டு வழக்கம் அது. நெல் அளந்தாலும் தேங்காய் எண்ணினாலும் முதல் எண் லாபம்தான். இருபத்தெட்டு வருடம் பக்கத்துக் கடையிலிருந்து அதைக் கேட்டவன் நான், எனக்கு உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

இந்த வழக்கு தீர அண்ணாச்சி காத்திருக்கவில்லை. "ரெண்டு" என்றார். "மூணு." நாலில் நாக்குப் புரளாமல் திணறினார். ஐந்துக்குத் தாவிவிட்டார். பத்து வந்ததும் ஷில்பா கைதட்டினாள்.

"மதி அங்கிளே, மதி."

போதும் என்று அவள் சொல்லியும் அவர் நிறுத்தவில்லை. பதினொண்ணு, பன்னெண்டு என்று எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே போனார். "எண்ணட்டும் மோளே" என்றாள் மைனி.

முப்பத்தெட்டில் களைத்துப்போய்க் கையை மடியில் போட்டுக்கொண்டார். மெல்லத் திரும்பி மைனியைப் பார்த்தார். உதடு இரண்டு தரம் அசைந்தது.

"சாப்ட்டியா?"

மைனி வாயைத் திறந்தாள், சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். நான்தான் சொன்னேன்.

"மைனி காலம்பற இருந்து ஒண்ணும் சாப்பிடல்ல, அண்ணாச்சி."