வெள்ளைச் சுவரின் முன் ஜெயந்தி

தி.நகரில் ஒரு மண்டபத்தில் முகூர்த்தத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் படம் எடுப்பவன் போனைத் தொட மாட்டான் என்பது எங்கள் ஸ்டூடியோ ஜெயந்தி மேடத்துக்குத் தெரியும். அவர் வீட்டிலிருந்து அந்த நேரத்தில் அழைப்பு வந்ததே இல்லை. சட்டைப் பையில் அது மறுபடியும் மறுபடியும் அதிர்ந்தபோதே ஏதோ சரியில்லை என்று தோன்றிவிட்டது. அட்சதை விழுந்து முடிந்ததும், ஹோமப் புகையில் எரிந்த கண்ணோடு, கை கழுவும் இடத்துக்குப் போய்த் திரும்ப அழைத்தேன். அவருடைய கணவர் எடுத்தார். "சங்கர் சார், ஜெயந்தி போய்ட்டா. காலம்பற காபி போட்டுண்டு இருந்தா. அப்படியே உக்காந்துட்டா" என்றார். மேடையிலிருந்து யாரோ "ஃபோட்டோகிராஃபர் எங்கப்பா?" என்று கத்தினார்கள். போனேன். பந்தி முடிகிற வரைக்கும் எல்லோரையும் சிரிக்கச் சொல்லிச் சொல்லி எடுத்தேன். அந்தப் படங்களை இன்னும் நான் திறந்து பார்க்கவில்லை.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் கல்யாணப் படம் எடுக்கிற நம்மில் பாதிப் பேருக்கு ஜெயந்தியைக் குரலாக மட்டும்தான் தெரியும். மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கும் எங்கள் சின்ன ஸ்டூடியோவில் ஆல்பம் வேலை பார்த்தவர். நான் எடுத்துக்கொண்டு வருவேன். அவர் கணினியில் போட்டுச் சுத்தம் செய்து ஆல்பமாக்குவார். சீசன் நெருக்கடியில் உங்கள் படங்களும் அவர் கைக்குப் போயிருக்கும். அப்புறம் உங்களுக்கு ஒரு போன் வந்திருக்கும். "உங்க கேமரால வலது பக்கம் மேல ஒண்ணு ஒக்காந்துண்டிருக்கு. தெரியுமோ?" என்று கேட்டிருப்பார். நீங்களும் என்னைப் போலவே கொஞ்சம் எரிச்சல்பட்டிருப்பீர்கள்.

நம் தொழிலில் இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குள், லென்ஸுக்குப் பின்னால், படத்தை வாங்கிக்கொள்கிற சென்சார் என்று ஒன்று இருக்கிறது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். லென்ஸைக் கழற்றி மாற்றும்போது அதன் மேல் தூசு உட்கார்ந்துவிட்டால், அடுத்து எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி விழும். வானத்தில் விழும், பட்டு வேட்டியில் விழும், மாமியார் நெற்றியிலும் விழும். இந்த ஊரில் தூசுக்கு என்ன பஞ்சம்? தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மண்டபத்துக்குள் போனால் சாம்பிராணி, ஹோமப் புகை, மஞ்சள் அரிசி. வருஷக்கணக்காக இந்தத் தூசோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது. அவருக்கு மட்டும் அலுக்கவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "ஊஞ்சல் முடியற வரைக்கும் சுத்தமா இருக்கு. அப்பறம் ரெண்டு புதுசா வந்திருக்கு. நடுவுல லென்ஸ் மாத்தினேளா?"

"ஆமா மேடம்."

"ஃபேனுக்குக் கீழயா?"

"வேற எங்க போவ சொல்றீங்க? மண்டபம் ஃபுல்லா ஃபேன்தான் கீது."

அவர் சிரித்தார். "தூசு உங்க தப்பில்லை, ஊரோட தூசு. ஆனா கேமரா வாயைத் திறந்து வச்சுண்டு, உள்ள வாங்கோன்னு கூப்பிடாதேங்கோ." அன்றிலிருந்து கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டுதான் லென்ஸ் மாற்றுகிறேன். மண்டபத்துக்கே வராத ஒருவர், நான் எந்த இடத்தில் நின்றேன் என்பதைப் புள்ளியை வைத்துச் சொன்னது அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

அவரும் சறுக்கியிருக்கிறார். அசோக் நகரில் ஒரு குழந்தைக்கு ஆண்டு நிறைவு. துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். எல்லாம் பெரிய அளவில் நடந்தது. என் கேமராவில் அந்த வாரம் தூசு ஏராளம். ஜெயந்தி திரையில் ஒவ்வொரு புள்ளியாக அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டே போனார். போகிற வேகத்தில், குழந்தையின் கன்னத்தில் அதன் அம்மா மையால் வைத்திருந்த திருஷ்டிப் பொட்டையும் தூசு என்று எடுத்துவிட்டார். ஆல்பம் முழுக்கக் குழந்தை மொழுமொழுவென்று, பொட்டே இல்லாமல் இருந்தது. நானும் கவனிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் போன். "என் புள்ள கன்னத்துல வச்ச பொட்ட யாருங்க அழிச்சது? ஆல்பத்தப் பாத்தவங்கெல்லாம் அழகு அழகுன்னு சொல்லிட்டுப் போனாங்க. இப்ப புள்ள காய்ச்சல்ல கெடக்கு!" நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். படத்துக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஜெயந்தி என் கையிலிருந்து போனை வாங்கினார். "தப்பு என்னுதும்மா. எல்லாத்தையும் மறுபடி போட்டுத் தரேன்" என்றார். பொட்டு இருந்த மூலப் படங்களை எடுத்து முதலிலிருந்து செய்தார். புது ஆல்பத்தை என்னிடம் கொடுக்காமல், தானே ஆட்டோ பிடித்து அசோக் நகருக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்து, "ஜுரம் விட்டுடுத்து. என்னைப் பாத்து சிரிச்சுது, பொட்டோட" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். புள்ளி வானத்தில் இருந்தால் கேட்காமல் எடுப்பார். முகத்தில் இருந்தால், அடுத்தடுத்த படங்களைத் தட்டிப் பார்ப்பார். "கூடவே வந்தா மச்சம், அங்கேயே நின்னா தூசு" என்பார். முகம் திரும்பும்போது மச்சமும் திரும்பும். தூசு மட்டும் படத்தில் தன் இடத்தை விட்டு அசையாது. அப்படிப் பார்த்துத் தூசுதான் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும், அந்த வீட்டுக்கு ஒரு போன் போடுவார். "கல்யாணப் பொண்ணுக்கு மோவாய்ல ஒண்ணு இருக்கே, அது அவளோடதுதானே?" என்று கேட்பார். எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்கும். நான் பொறுமை இழந்து, "நீங்க போன் பண்ணிக்கினே இருந்தா ஆல்பம் எப்ப மேடம் போவும்?" என்பேன். "முகத்துல இருக்கறதை முகத்துக்காராளைக் கேக்காம எடுக்கப்படாது சங்கர்" என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைத் தேடுவார்.

இப்போது அந்த வேலையைச் செய்ய மென்பொருள் வந்துவிட்டது. ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், எல்லாப் புள்ளியையும் தானே எடுத்துவிடும். அது யாருக்கும் போன் போட்டுக் கேட்பதில்லை. ஜெயந்தி அதைக் கற்றுக்கொண்டார், வேகமாகவும் பயன்படுத்தினார். ஆனால் முகங்கள் வந்ததும் அதை நிறுத்திவிட்டுத் தன் வழிக்கே வந்துவிடுவார்.

தன்னைப் படம் எடுக்க விடவே மாட்டார். "நாள் பூரா மூஞ்சிகளையே பாத்துண்டிருக்கேன். என் மூஞ்சி வேற எதுக்கு?" என்பார். ஆயுத பூஜையன்று ஸ்டூடியோவில் எல்லோரும் நிற்கும்போதுகூடச் சுண்டல் கொடுக்கிற சாக்கில் நகர்ந்துவிடுவார். நானும் வற்புறுத்தியதில்லை. படம் எடுக்கிறவனுக்குப் படம் எடுப்பதைப் போல அலுப்பான விஷயம் வேறு இல்லை.

போன கோடையில் என் கேமராவின் சென்சாரைச் சுத்தம் செய்து வாங்கி வந்தேன். தூசு போய்விட்டதா என்று பார்க்க வெள்ளையாக எதையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். மொட்டை மாடிக்குப் போய், புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்த கைப்பிடிச் சுவரை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு ஆல்பத்துக்கு அட்டை நிறம் கேட்க ஜெயந்தி மேலே வந்தார். சுவருக்கு முன்னால் வந்து நின்றவர், கேமராவைப் பார்த்ததும் விலகப் போனார்.

"என்னை எடுக்கறேளா, சுவரை எடுக்கறேளா?"

"சுவரத்தான் மேடம்."

"அப்போ சரி" என்று அங்கேயே நின்றுவிட்டார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ குறும்பு செய்துவிட்ட மாதிரி சிரித்தார். நான் அழுத்தினேன். கீழே வந்து படங்களைத் திரையில் போட்டபோது, தன் முகம் வந்ததை மட்டும் பார்க்காமல் தள்ளிவிட்டார். வெறும் சுவரை உற்றுப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. சின்னதுதான். விட்டுடுங்கோ. எல்லாத்தையும் எடுத்தே ஆகணும்னு தொடச்சுண்டே இருந்தா கண்ணாடி போயிடும். இதை நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னபடியே அந்த ஒரு புள்ளியை ஒவ்வொரு படத்திலிருந்தும் எடுத்துக்கொண்டிருந்தார், போன மாதம் வரைக்கும்.

காரியங்கள் நடந்துகொண்டிருந்தபோது அவர் கணவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். பதிமூன்றாம் நாள் சுபத்துக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். "கல்யாணத்துல எடுத்தது இருக்கு, அதுல சின்னப் பொண்ணு. ஆதார்ல இருக்கறது அவளே இல்லை சார். உங்ககிட்ட இல்லாமயா போயிடும்?" என்றார். இந்த ஊரில் எத்தனையோ பேரைப் படம் எடுத்தவன், பக்கத்து நாற்காலியில் இருந்தவரை எடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? தேடித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் சுவர் நினைவுக்கு வந்தது.

படம் நன்றாகவே இருந்தது. சுருக்கிய கண், சிரிப்பு, பின்னால் வெள்ளை. உதட்டுக்குப் பக்கத்தில் வலது கன்னத்தில் ஒரு புள்ளி. தட்டிப் பார்த்தேன். முந்தைய படத்தில் வெறும் சுவர். அதே இடத்தில் அதே புள்ளி. அடுத்த படத்திலும் வெறும் சுவர். அதே இடத்தில் அதே புள்ளி. அங்கேயே நிற்கிறது. அப்படியென்றால் தூசு. இதைவிட வேறு சாட்சி வேண்டாம். எடுத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். ஆனால் அது முகம். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. போனை எடுத்தேன்.

"சார், ஒண்ணு கேக்கணும். மேடத்துக்கு வலது கன்னத்துல, உதட்டுக்குப் பக்கத்துல, மச்சம் ஏதாவது இருந்துதா சார்?"

"தினம் பாத்தவர்தானே சார் நீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. "இருந்தது சார். பொண்ணு பாக்கப் போனப்ப முதல்ல என் கண்ணுல பட்டதே அதுதான். அதை எடுத்துடாதேங்கோ."

எடுக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது, மங்கலான சாம்பல் வட்டத்துக்குள் தெளிவாக ஒரு கறுப்பு தெரிந்தது. பல வருஷம் நாங்கள் இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. நினைத்தால் களைப்பாக இருக்கிறது. அழுகையும் வருகிறது.

அவரிடமிருந்து எனக்கென்று எஞ்சியது, ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுகிற அந்த வழக்கம்தான். இந்த வாரம் இரண்டு வீடுகளுக்குப் போட்டேன், இரண்டிலும் சிரித்தார்கள். மயிலாப்பூரில் அவர் வீட்டுக் கூடத்தில், மாலைக்குள் அந்தப் படம் இருக்கிறது. அவர் கன்னத்தில் அவருடைய மச்சமும் என் கேமராவின் தூசும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. பிரித்தெடுக்கத் தெரிந்தவர் இப்போது இல்லை. அப்படியே இருக்கட்டும்.