காஞ்ச குழியில் எட்டுக் குடம் தண்ணீர்

போன வருஷம் பங்குனி மாசம், போடியில எங்க தெருவுல நடந்தது இது. நாங்க எட்டுப் பொம்பளைக தினமும் ஜீப்புல ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காத் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போவோம். தெரு ரோடு குண்டும் குழியுமா கெடந்ததால ஜீப்பு உள்ள வராது. விடியுமுன்னே மெயின் ரோட்டுக்கு ஓட்டமும் நடையுமா போகணும். கொஞ்சம் பிந்துனாலும் ஜீப்பு போயிரும், அன்னைக்குக் கூலியும் போச்சு.

மனு கொடுத்து மனு கொடுத்துச் சலிச்சுப்போச்சு. "ரோட்டுல நாத்து நடுவோம், பேப்பர்ல படம் வந்தாத்தான் அசைவாங்க"ன்னு கெளப்பிவிட்டவளே நான்தான். அந்த வெயில்ல நெல் நாத்துக்கு எங்க போறது? தோட்டத்துல கழிச்சுப்போட்ட ஏல நாத்தக் கொண்டாந்தோம். சேறு வேணுமே! மழை பெஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. இருக்கறதுலயே பெரிய குழியில ஆளுக்கு ஒரு குடம் ஊத்துனோம், அதுவும் குடிக்கிற தண்ணி. படம் வருமேன்னு நான் பட்டுச்சேலை, தலை நெறைய மல்லியப்பூ வேற.

உள்ளூர் நிருபர் தம்பி ஸ்கூட்டர்ல வந்து எறங்குனாரு. என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "என்னக்கா, கல்யாணமா போராட்டமா?"ன்னாரு. அப்புறம் குழியக் குனிஞ்சு பாத்தாரு. "மழையே இல்லாம இங்க மட்டும் ஏது சேறு? நான் எடுக்க மாட்டேன்க்கா."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "எவன்கிட்ட வாங்கித் தின்னுட்டு வந்தே?"ன்னு தெருவே கூடுற மாதிரி கத்துனேன். அவரு காலையில எத்தனை மணிக்குக் கெளம்புவீங்கன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டாரு.

மறுநாள் இருட்டோட கெளம்புனா, தெருமுனையில மனுசன் நிக்கிறாரு! கூடவே நடந்தாரு. அவரு மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம நான் வெறப்பா முன்னால போனேன். போன வேகத்துல, நான் ஊத்துன சேத்துலயே சறுக்கி தொப்புன்னு உக்காந்தேன். தூக்குச்சட்டி உருண்டு சோறெல்லாம் கொட்டிப்போச்சு. கை கொடுத்துத் தூக்கிவிட்டதும் அந்தத் தம்பிதான். நான் எந்திரிச்சு நொண்டிக்கிட்டுப் போறதுக்குள்ள ஜீப்பு கெளம்பிருச்சு. எட்டுப் பேருக்கும் அன்னைக்குச் சோலி இல்ல. எனக்காக நின்ன மத்த ஏழு பேரும் என்னைய மொறைச்ச மொறைப்பு இருக்கே, அப்பப்பா!

"இத மட்டும் எழுதிராத அப்பு"ன்னு கெஞ்சுனேன்.

எழுதிட்டாரு. எங்க பேரப் போடல. ஆனா எத்தனை குழி, எவ்வளவு நடை, போன ஜீப்பு, போன கூலி, கடைசியில நாங்க குடிதண்ணிய ஊத்தி நாத்து நட்டது, அதுலயே ஒருத்தி விழுந்தது வரைக்கும் ஒண்ணு விடல. கடைவீதிப் பக்கம் ஒரு வாரம் நான் தலைகாட்டல.

அதப் படிச்சிட்டு ஒரு அதிகாரி வந்தாரு. "மத்த குழியும் நீங்க செஞ்சதுதானா?"ன்னு கேட்டுக்கிட்டே ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தாரு. பேப்பர்ல போட்ட கணக்கு அப்படியே இருந்துச்சு, நோட்டுல குறிச்சுக்கிட்டுப் போனாரு. அன்னைக்கு அந்தச் சேத்தப் படம் எடுத்துப் போட்டிருந்தா, எல்லாமே செட்டப்புன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பாங்க. அடுத்த மாசமே ரோடு போட்டாச்சு.

இப்ப ஜீப்பு எங்க வாசலுக்கே வருது. "குடத்த எறக்கி வச்சிட்டு ஏறுக்கா"ன்னு டிரைவர் கேலி பண்ணும்போதெல்லாம் நானும் சேந்து சிரிக்கிறேன். ஆனா, எங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்னு நின்ன அந்தத் தம்பிய என்ன பேச்சுப் பேசிட்டோம்னு நெனச்சா, இன்னமும் மனசு கூசுது.