லாத்தா பார்க்காமல் எதுவும் ஏறாது

மெகருன்னிசா இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் காலையில் வந்தது. அதில் நான் முதலில் கவனித்தது ஒன்றைத்தான். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்களும் 'ஆழ்ந்த இரங்கல்' என்ற சொற்களும் வந்துகொண்டே இருந்தன. "யார் சொன்னா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எந்தச் செய்தி வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். நான் போனில் பேசவே கூச்சப்படுகிறவள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு நானே போன் செய்தேன். அவருடைய தம்பி மனைவி எடுத்தார். அழுகைதான் கேட்டது. கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறிக் குத்தாலம் போய்ப் பார்த்தேன். உண்மைதான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரைப் படுக்க வைத்துத்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எங்கள் இணையதளத்துக்கு எழுதியிருந்தால் உங்கள் கட்டுரையை ஒருமுறையாவது திருப்பி அனுப்பியிருப்பார். அந்தக் கோபம் சிலருக்கு இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும். அதைத் தணிப்பதற்காக நான் அவரை இனிமையானவர் என்று சொல்லப் போவதில்லை.

எங்கள் தளம் அந்தக் காலத்துப் பொருள்களைப் பற்றியது. டிரான்சிஸ்டர், டிரங்குப் பெட்டி, கோலி சோடா பாட்டில், ஸ்டூடியோ போட்டோ, இப்படி. எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எழுதியதைச் சரிபார்க்கிறவர் மெகருன்னிசா ஒருவர்தான். அவர் வீட்டில் சின்னவர்கள் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவருடைய முறை இது. கட்டுரை எழுதியவர் போன ஊருக்கு இன்னொரு ஆள் போக வேண்டும். போகிற ஆள் அந்தக் கட்டுரையைப் படித்திருக்கக் கூடாது. உறவில்லாத இரண்டு வீட்டில் தனித்தனியாகக் கேட்டு வர வேண்டும்.

"படிச்சுட்டுப் போனீன்னா, அதையே அவங்க வாயில போட்டு அதையே வாங்கிட்டு வந்துடுவே" என்பார்.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கட்டுரைகளைத் தளத்தில் ஏற்றுவதற்காக என்னைச் சேர்த்தார்கள். ஒருநாள் லாத்தா என்னை விசாரிக்கிற வேலைக்குக் கேட்டார். தளத்தை நடத்துகிற வாசு சார் சிரித்துவிட்டார்.

"இந்தப் பொண்ணு வாயே தொறக்காதே. இத அனுப்பி என்னத்தக் கேக்கப் போறீங்க?"

"அதுக்குத்தான் சார் அனுப்பறேன். இது தொறக்காது, அவங்க தொறப்பாங்க."

அப்படி நான் முதலில் போனது ஒரு போட்டோவுக்காக. குத்தாலத்துப் பக்கம் ஒரு வீட்டில் கிடைத்த பழைய குடும்பப் படம். அதற்கு வருஷம் குறித்து ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். படத்தில் சுவரில் முருகன் காலண்டர் தொங்குகிறது, அதில் வருஷம் அச்சாகியிருக்கிறது, ஆகவே இந்த வருஷம் எடுத்த படம். அந்தச் சேலைக் கட்டு, அந்தத் தலைவாரல் எல்லாம் அந்த வருஷத்து வழக்கம் என்றும் எழுதிவிட்டார். இது எதுவும் எனக்குத் தெரியாது. 'அந்தப் படம் எப்ப எடுத்தது' என்று மட்டும் கேட்டு வரச் சொல்லியிருந்தார் லாத்தா.

அந்த வீட்டு அம்மா என்னை உள்ளே உட்கார வைத்தார். "எப்ப எடுத்ததுன்னு யாருக்கும்மா தெரியும்? எங்க மாமியா கல்யாணத்துக்குப் பெறகு" என்றார். எனக்கு அடுத்த கேள்வி வரவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆணியில் மூன்று காலண்டர் தொங்கின. மேலே இந்த வருஷத்து மளிகைக்கடைக் காலண்டர். அதற்குக் கீழே ஒரு லட்சுமி. அதற்கும் கீழே, தாள் எல்லாம் கிழித்து முடிந்து அட்டை மட்டும் மிஞ்சிய ஒரு முருகன்.

நான் பார்ப்பதைப் பார்த்து அவரே சொன்னார்: "வருஷம் முடிஞ்சா என்ன, சாமியத் தூக்கிக் குப்பையிலயா போடுவாங்க?"

அடுத்த தெருவில் கேட்டேன். அங்கேயும் அப்படித்தான். திரும்பி வந்து சொன்னபோது லாத்தா மேசையில் ஓங்கி அடித்தார். "எங்க வூட்டுலயும் மக்கா படம் போட்ட காலண்டர் வருஷக்கணக்காத் தொங்குது. எனக்கே தோணலையே பாரேன்!" உடனே பேராசிரியருக்குப் போன்.

"ஒரு காலண்டருக்காக என் கட்டுரையை நிறுத்துறீங்களாம்மா?"

"நிறுத்தல சார். வருஷத்த எடுத்துட்டுப் போடறேன். சேலையையும் எடுத்துடறேன், அது வருஷத்தப் புடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்கு."

அவர் அதன் பிறகு எங்களுக்கு எழுதவே இல்லை. கட்டுரை 'எந்த வருஷம் என்று தெரியவில்லை' என்ற வரியோடு போனது.

இன்னொரு முறை என்னைத் திருக்கடையூருக்குக் கூட்டிப் போனார். அறுபதாம் கல்யாணத் தம்பதிகளைப் படம் எடுத்த ஒரு பழைய ஸ்டூடியோவின் திரைச்சீலையை யார் வரைந்தது என்று கேட்க வேண்டும். சன்னதித் தெருவில் கருப்பு புர்க்காவில் நின்ற லாத்தாவைப் பார்த்து மாலை விற்கிற அம்மா சீண்டினார். "என்னங்க, பாய் வரலையா? ரெண்டு மாலை எடுத்து வெக்கட்டா?"

"அறுபதுக்கு இன்னும் வருஷம் கெடக்கு. அப்பவும் நீ இதே வெல சொன்னீன்னா வாங்க மாட்டேன்."

தெருவே சிரித்தது. அன்று கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைச் சொன்னார்கள். திரும்பும்போது எனக்குக் கால் வலித்தது, வெறுங்கையாக வருகிறோமே என்று எரிச்சலாகவும் இருந்தது. லாத்தா பஸ்ஸில் கடலையை உரித்தபடி சொன்னார்: "நாள் பூரா அலைஞ்சுட்டுத் தெரியாதுன்னு எழுதினா அது பதில். வூட்டுல உக்காந்துக்கிட்டுத் தெரியாதுன்னா அது சோம்பேறித்தனம்."

அவர் இறந்த நான்காம் நாள் வாசு சார் ஒரு அஞ்சலிக் கட்டுரை எழுதி எனக்கு அனுப்பினார். 'அதிர்ந்து பேசாதவர். பூம்புகார்க் கடற்கரையில் பிறந்தவர். சிறுவயது முதலே பழம்பொருள்களைச் சேர்த்து வந்தவர்.' எல்லாம் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டவை.

லாத்தா பேசினால் எங்கள் அலுவலக மாடியிலிருந்து கீழே இருக்கிற கடைக்குக் கேட்கும். பழம்பொருள் எதையும் அவர் வைத்திருந்து நான் பார்த்ததில்லை. "பழசெல்லாம் தூசிடீ. அதப் பத்திப் பொய் சொல்லக் கூடாதுங்கறதுதான் என் கவல" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

"சாயங்காலத்துக்குள்ள ஏத்திடும்மா" என்றார் வாசு சார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அவர் கெட்டவர் இல்லை.

"யார் சார் போய்க் கேட்டுட்டு வந்தது?"

"என்னது?"

"பூம்புகார்னு போட்டிருக்கீங்க."

"இது அஞ்சலிம்மா. நல்லதா நாலு வார்த்த. இதுக்குமா ஆள் அனுப்புவாங்க? இனிமே எதுக்குமே அனுப்ப முடியாது. மத்த தளமெல்லாம் தெனம் நாலு போடுறான், நாம ஒண்ணுக்கு ஒரு மாசம் அலையறோம். அதெல்லாம் லாத்தாவோட போச்சு."

ஏற்றுகிற பொத்தான் என் கணினியில்தான் இருக்கிறது. அவர் வந்து அழுத்தினாலும் அழுத்தலாம்.

"லாத்தா பார்க்காம எதுவும் ஏறாது சார்."

"அவங்கதான் இல்லையேம்மா."

"அப்ப நான் பார்க்கறேன். அதுவரைக்கும் ஏறாது."

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ரெண்டு நாள்தான்" என்றார். அப்புறம், "நீ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல" என்றார்.

உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். நல்லவர் என்று சொல்வதற்காக அவரை வேறு ஆளாக மாற்றாதீர்கள். அவர் கத்துவார். ஒத்துக்கொள்ள மாட்டார். உங்கள் கட்டுரையை நம்ப மாட்டார், தன் சொந்த வீட்டுக் காலண்டரையும் நம்ப மாட்டார். இறந்தவர் திருப்பி அனுப்ப மாட்டார் என்பதற்காக எதையும் எழுதிவிடலாமா? அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த அலைச்சலை மட்டும்தான். அதை விடுவதாக இல்லை.

மறுநாள் குத்தாலம் போனேன். நான் ஏற்கெனவே கட்டுரையைப் படித்துவிட்டவள். அதனால் பூம்புகார் என்ற சொல் என் வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

"லாத்தா எங்க பொறந்தாங்க உம்மா?"

அவருடைய அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இங்கதாம்மா, இந்த உள்ளறையில. அப்ப நடவு நேரம். மருத்துவச்சி சேத்துக் காலோட ஓடி வந்தா."

"வீட்டுல எப்படிப் பேசுவாங்க?"

"பேச்சா?" அவருக்குச் சிரிப்பு வந்து, அழுகையும் வந்தது. "இவ சோறு கேட்டாத் தெருக்கோடி டீக்கடைக்காரன் எல போடுவான்."

எழுதிக்கொண்டு எழுந்தேன். எங்கே என்றார். எதிர் வீட்டில் கேட்க வேண்டும் என்றேன்.

"பெத்தவ சொல்றேன். பத்தாதா?"

நான் நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தேன்.

"சரி, போய்க் கேளு. செருப்பப் போட்டுக்க, வெயிலு."

தெருவைத் தாண்டிப் போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.