அப்பா அங்கியைப் பார்க்கும்வரை

இனி டயாலிசிஸ்தான், வேறு வழியில்லை என்று மருத்துவர் சொன்னபோது அப்பா அவருக்கு நன்றி சொன்னார். சர்க்கரை வியாதி இரண்டு சிறுநீரகங்களையும் தின்று தீர்த்திருந்தது. இதயமும் பலவீனம். எவ்வளவு காலம் தாங்குவார் என்று தனியாகப் போய்க் கேட்டேன். சிலர் நெடுங்காலம் இருக்கிறார்கள், உங்கள் அப்பாவின் இதயத்தைப் பார்த்தால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். அப்பாவை மருந்து வாங்கும் இடத்தில் உட்கார வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய் அழுதேன். சித்திரா பௌர்ணமி கழிந்த வாரம் அது.

மாரியம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் அவள் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தாள். அதில் ஒரு சொல்லும் குறையவில்லை. ஆனால் கேட்கத் தெரியாமல் கேட்டேன் நான். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிக் கதை சொன்ன பாவம் வரும்.

என் பெயர் விஜயா. மலேசியாவில் பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கிறேன். பள்ளி முடித்த நாளிலிருந்து இங்குள்ள மின்னணுத் தொழிற்சாலையில்தான் வேலை. நாற்பது தாண்டிவிட்டது, திருமணம் ஆகவில்லை. அம்மா காலமான பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா சுங்கை ரம்பாய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது பட்டணத்துக்கு வந்து, ஒரு கிடங்கைக் காவல் காக்கும் ஜாகா வேலை பார்த்தார்.

பள்ளி இறுதியில் எழுதும் ஐந்தாம் படிவத் தேர்வில் எனக்கு நல்ல முடிவு வந்த அன்று அப்பா சுத்தியலைத் தேடி எடுத்து, கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். ஜூபா என்ற அங்கியைப் போட்டுப் பட்டம் வாங்கும் என் படம் அங்கேதான் மாட்டப்படும் என்று எல்லோரிடமும் சொன்னார். பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. அம்மா படுத்த படுக்கையாக இருந்த நேரம். நான் தொழிற்சாலைக்குப் போனேன். ஆணியில் நாட்காட்டி தொங்கியது. ஒவ்வோர் ஆண்டும் புது நாட்காட்டி மாட்டும்போது அப்பா ஆணியைத் தடவிப் பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

வேலை செய்யும் இடத்தில் இளம் பெண்கள் என்னிடம் வந்து அழுவார்கள். கணவன், மாமியார், காதல், எல்லாம் என் மேசைக்கு வரும். அக்காவுக்கு இதற்கே தனிச் சம்பளம் கொடுக்கலாம் என்று மேலாளர் கிண்டல் செய்வார். அந்தக் கிண்டல்தான் எனக்குள் விதை போட்டது. உளவியல் படித்தால் என்ன? இணையம் வழியே படிக்கலாம், வேலையை விட வேண்டாம். அதில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஆறஅமரப் படிப்பது, நான்கைந்து ஆண்டுகள் ஆகும். மற்றது துரிதப் படிப்பு, இரண்டரை ஆண்டில் முடிந்துவிடும். எதை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மருத்துவமனைச் செய்தி வந்தது.

கல்லூரியிலிருந்து பேசிய பெண்மணி நல்லவர். துரிதப் படிப்பில் பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், நடுவில் நிறுத்தி மூச்சுவிட முடியாது, வீட்டு நிலவரத்தைப் பார்த்து முடிவெடுங்கள் என்றார். இந்தப் பட்டத்தோடு மட்டும் ஆலோசகராக உட்கார முடியாது, அதற்கு மேலே படித்துப் பதிவும் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். எதுவும் என் காதில் ஏறவில்லை. அவர் முடிப்பதற்குள் துரிதப் படிப்பே போதும் என்றேன். அப்பாவின் இதயம் முந்துமா, என் பட்டம் முந்துமா என்பது ஒன்றுதான் அப்போது என் நினைப்பு.

அந்த வெள்ளிக்கிழமை அப்பாவின் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டன, செம்பனைக்கு நடுவே ஆத்தா மட்டும் இருக்கிறாள். அப்பா என் அங்கியைப் பார்க்கும்வரை அவர் உயிரைக் காப்பாற்று, அதுவரை நான் தேநீரைத் தொடமாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து வேண்டிக்கொண்டேன்.

ஏன் தேநீர்? நேர்த்திக்கடன் என்றால் நமக்கு வலிக்க வேண்டும் அல்லவா. கவிச்சியை விடுவதெல்லாம் எனக்குப் பெரிய காரியமில்லை. தேநீர் அப்படியில்லை. காலை முறை வேலை முடிந்து மாலையில் தொழிற்சாலைப் பேருந்து என்னை இறக்கிவிடும்போது, கார் நிறுத்தும் முன்கூடத்தில் அப்பா இரண்டு கிளாஸோடு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே-ஓ, எனக்குப் பால் ஊற்றியது. குடித்து முடிக்கும்வரை பேசுவார். மழைக்காலத்தில் மரம் வெட்ட முடியாமல் கிடந்தது, கங்காணியை ஏமாற்றியது, அம்மாவைப் பெண் பார்க்கப் போய் வேறு வீட்டில் உட்கார்ந்து பலகாரம் தின்றது. பாதி நாள் நான் காலணியைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். என் நாளில் எனக்குப் பிடித்தது அதுதான். அதனால்தான் அதை விட்டேன். அதில் பாதி அப்பாவுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்தார். "சாமிகிட்ட சொல்லிட்டியா? அப்ப சரிம்மா" என்றார். சாமி காரியத்தில் அவர் குறுக்கே பேசமாட்டார்.

படிப்பு தொடங்கியது. தேநீர் இல்லாததால் முன்கூடத்தில் உட்காரவும் வேலையில்லை. வந்ததும் குளித்துவிட்டு அறைக்குள் போவேன், பாடம் கேட்கக் காதில் ஒலிக்கருவியை மாட்டுவேன். ஒரு பாடம் முடிந்த அடுத்த திங்களே அடுத்த பாடம். வாரத்தில் மூன்று நாள் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதும் நான்தான். அங்கேயும் மடியில் மடிக்கணினி. பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா, தொழிற்சாலையில் எனக்கு முன்னால் வேலை செய்து ஓய்வு பெற்றவர், சில நாள் மாலையில் அப்பாவோடு உட்கார்ந்திருப்பது சன்னல் வழியே தெரியும். அக்காவுக்கு ஊர்க்கதை பேச ஆள் கிடைத்துவிட்டது, அப்பாவுக்கும் துணை என்று நிம்மதியாகச் சன்னலைச் சாத்துவேன். "பிறர் சொல்வதைச் செவிமடுத்தல்" என்ற பாடத்தில் அந்தப் படிப்புத் தவணையிலேயே நான்தான் முதல். சிரிப்பதா அழுவதா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு பாடத்துக்கு மூத்தவர் ஒருவரைப் பேட்டி கண்டு அவர் வாழ்க்கையை எழுத வேண்டும். சொந்தக் குடும்பத்தாரை எடுக்கக் கூடாது என்பது விதி. உம்பாய் கடற்கரையில் மீன் சுட்டு விற்கும் ஒரு வயதான மாமா ஒப்புக்கொண்டார். அப்பாவையும் அழைத்துப் போனேன், வீட்டில் தனியாக விட மனமில்லை. அவர் அடுத்த மேசையில் உட்கார்ந்தார். நான் அந்த மாமாவிடம் மெதுவாக, பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டேன். சின்ன வயதில் எதற்குப் பயந்தீர்கள்? எதை நினைத்தால் இன்றும் வருத்தம்? பிள்ளைகளுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்? மாமா கண்கலங்கிப் பேசினார். அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் வரும்போது, "நல்லா கேக்குறம்மா கேள்வி" என்றார்.

இன்றைக்கே தட்டச்சு செய்ய வேண்டும், நாளை அனுப்பியாக வேண்டும் என்று பதில் சொன்னேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் அப்பாவின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். என் உலகமே இருண்டுவிட்டது. கைப்பையில் இருந்த கோயில் குங்குமத்தை அவர் நெற்றியில் வைத்து, ஆத்தா, இன்னும் அவர் அங்கியைப் பார்க்கவில்லை, உன் வாக்கு என்ன ஆனது என்று சண்டை போட்டேன். ஆமாம், சண்டைதான். மறுநாள் காலையில் கண் திறந்தார். நான் சாப்பிட்டேனா என்று கையால் சைகை காட்டிக் கேட்டார். மருந்து பலித்தது என்றார் மருத்துவர். மருந்தைப் பலிக்க வைத்தவள் யார் என்று எனக்குத் தெரியும்.

அப்போதாவது நான் நின்றிருக்கலாம். அந்தத் தவணையை விட்டிருக்கலாம். விட்டால் அந்தப் பாடம் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும், அப்பா காத்திருக்க மாட்டாரே என்று கணக்குப் போட்டேன். வார்டுக்கு வெளியே நீள இருக்கையில் உட்கார்ந்து கைப்பேசியில் அந்த வாரத் தேர்வை எழுதினேன்.

பட்டமளிப்பு விழாவுக்கு அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அங்கியோடு அவர் முன்னால் நின்றபோது என் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஆணியிலிருந்து நாட்காட்டி இறங்கியது, படம் ஏறியது. தோட்டத்துக் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்து வேண்டுதலை முடித்தேன். அன்று மாலை அப்பாவே எழுந்து நின்று தேநீர் கலக்கினார். இரண்டரை ஆண்டுக்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். "பேசுங்கப்பா" என்றேன். "என்னத்தம்மா பேசுறது, இப்ப மூச்சு வாங்குது" என்று சிரித்தார். ஆளுக்கு நாலு மிடறு குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அந்த மாதமே அவர் இதயம் நின்றுவிட்டது. தூக்கத்தில் போனார்.

அங்கியைப் பார்க்கும்வரை என்று கேட்டேன். அதுவரை வைத்திருந்தாள். எல்லை போட்டவள் நான்தான். அவள் கொடுத்த அத்தனை மாலைப்பொழுதையும் கதவைச் சாத்திக்கொண்டு செலவழித்தவளும் நான்தான். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். காரியம் முடிந்த பிறகு கோயிலுக்குப் போகவே எனக்கு மனம் வரவில்லை. அவள்மேல் கோபமில்லை, அவள் முகத்தைப் பார்க்க வெட்கம். வேலை முடிந்து வந்தால் முன்கூடத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடுவேன். ஒரே ஒரு நாள் வாசலில் நின்று, ஆத்தா, அப்பாவிடம் நான் கேட்காமல் விட்டதற்கு இனி எங்கே போவேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். அதை வேண்டுதல் என்றுகூட நினைக்கவில்லை.

மறுநாள் மல்லிகா அக்கா வேலியோரம் நின்று கூப்பிட்டார். அவர் வீட்டில் எனக்குத் தேநீர் கலக்கி வைத்திருந்தார். பாலின் அளவும் கலந்த விதமும் அப்பாவுடையது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் தேநீரை விட்ட பிறகும் அப்பா தினமும் இரண்டு கிளாஸ்தான் கலக்கினாராம். கை பழகிவிட்டது, நீ குடி என்று மற்றதை அக்காவிடம் கொடுப்பாராம்.

"அந்த உம்பாய்க்குப் போயிட்டு வந்தீங்கல்ல, அதுக்கு மறுநாள் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சாரு" என்றார் அக்கா. "என் மக நல்ல நல்ல கேள்வியா கேட்டா மல்லிகா, நான் பதில் சொல்றேன், நீ கேட்டுக்க, அவளுக்கு இப்ப நேரமில்ல, பின்னாடி சொல்லிக்கலாம்னாரு. தினம் கொஞ்சம் கொஞ்சமா சொன்னாரு. எல்லாம் என்கிட்ட இருக்குலா."

எதை நினைத்தால் வருத்தம் என்ற கேள்விக்கு அப்பா என்ன சொன்னார் என்று முதலில் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் நான் தொழிற்சாலைக்குப் புறப்பட்ட காலையில் என்னைத் தடுக்காமல் விட்டதைச் சொன்னாராம். பிள்ளைக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு என்ன சொன்னார் என்று அதையும் கேட்டேன்.

"அதுக்குப் பெருசா ஒண்ணும் சொல்லல. வேலை முடிஞ்சி வந்தா கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லு, அவ்வளவுதான்னாரு."

அந்த மாலையிலிருந்து நான் உட்காருகிறேன். அக்கா ஒரு கதை சொல்வார், நான் கேட்பேன். எதற்குப் பயந்தார் என்ற கேள்விக்கே ஒரு வாரம் ஓடியது, தோட்டத்தில் அவ்வளவு பாம்பு. நான் வாய்விட்டுச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு, கேட்பதற்கு முன்பே ஆத்தா பதிலைச் சேர்த்து வைத்திருந்தாள். வருத்தம் போகவில்லை. போகும் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். என்றாலும் வெள்ளிக்கிழமைகளில் மறுபடியும் அவள் முன்னால் போய் நிற்க முடிகிறது.

ஆலோசகர் ஆவதற்கான மேற்படிப்பில் இப்போது சேர்ந்திருக்கிறேன். இந்த முறை நிதானமான வழி. மாலையில் எனக்கு வகுப்பு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். டயாலிசிஸ் மையத்துக்கு நோயாளிகளோடு வரும் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் பார்க்கிறேன். மடியில் கணினியோடு யாராவது இருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன்.

உங்களுக்குக் கஷ்டம் என்றால் தயங்காமல் அவளிடம் போங்கள். கொடுப்பாள். நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எதுவரை என்று மட்டும் அவளுக்கு நீங்கள் சொல்லாதீர்கள், அது அவளுக்குத் தெரியும். எதையாவது விடுவதாக வேண்டிக்கொண்டால், அது உங்களுடையதாக மட்டும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இன்று யாராவது உங்களுக்காகத் தேநீர் கலக்கி வைத்திருந்தால், இதை இத்தோடு மூடி வைத்துவிட்டுப் போய்க் குடியுங்கள். ஆறிவிடும்.