கோடுகளை எண்ணாமல் இறங்கிய சரிவு

பத்துமலைக்கு வடக்கே உள்ள காட்டுக் குன்றுக்கு அக்காவை அழைத்துப் போனது நான்தான். அவள் கிள்ளானில் இருக்கிறாள், நான் பிரிக்பீல்ட்ஸில். சர்க்கரை குறையட்டும் என்று அந்த வருடம் ஞாயிறுதோறும் என்னோடு மலையேற ஆரம்பித்திருந்தாள்.

அன்று மதியம் உச்சியிலிருந்து திரும்பும்போது வானம் கறுத்தது. ஏறி வந்த பாதை சுற்றுவழி. அச்சிட்டுக் கொண்டுவந்த வரைபடத்திலோ சாலை ஒரு விரல் அகலத் தூரத்தில்தான் இருந்தது.

"இப்படியே நேரா இறங்கிடலாம்க்கா, அரை மணி நேரந்தான்" என்றேன். அவள் என்னை நம்பிப் பின்னால் வந்தாள்.

வேர்களைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது. மழை பிடித்ததும் சருகுக்கு அடியில் மண் சோப்பாக வழுக்கியது. எனக்கு மேலே இருந்த அக்கா அலறினாள். என்னைத் தாண்டிச் சரிந்துபோய் ஒரு மரத்தில் மோதி நின்றாள். கணுக்கால் கோணலாகத் திரும்பியிருந்தது. அவளுக்குக் கீழே இரண்டு ஆள் தூரத்தில் தரையே இல்லை. பாறை விளிம்பு, அதற்கப்பால் தண்ணீர்ச் சத்தம்.

கைப்பேசியில் லைன் இல்லை. எத்தனை முறை கத்தினேன் என்று தெரியாது.

"ரோடு பக்கத்துலதான் இருக்கும்லா. நீ மட்டும் எறங்கிப் போயி ஆள கூட்டிட்டு வா" என்றாள் அக்கா.

வரைபடத்தை விரித்தேன். அதில் மலையின் உயரத்தைக் காட்டும் வளைகோடுகள்; ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இருபது மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் நெருங்க நெருங்கச் சரிவு செங்குத்தாகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். மேலே நின்றபோது சாலை எவ்வளவு கிட்டே என்று பார்த்தேனே தவிர, நடுவில் எத்தனை கோடுகள் என்று எண்ணவில்லை. அதை அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப இப்ப எண்ணு" என்றாள்.

அடையாள அட்டையின் ஓரத்தை வரைபடத்தின் அளவுகோலில் வைத்து, நூறு மீட்டர் நீளத்தை நகத்தால் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குக் கீழே அந்த நீளத்துக்குள் ஆறு இடைவெளிகள். நூறு மீட்டர் நகர நூற்றிருபது மீட்டர் இறங்க வேண்டும். காலூன்றி நிற்கவே முடியாத சரிவு. இதில், இருபது மீட்டருக்குள் அடங்கும் பாறை வெட்டு கோடுகளில் தெரியாமலே போகலாம். நாங்கள் விட்டுவந்த முகட்டுப் பாதையில் அதே நீளத்துக்கு ஒரே ஓர் இடைவெளி.

"மேலதான் போகணும்க்கா."

"என்னால முடியாதுடா."

"முடியாதுன்னா ரெண்டு பேரும் இங்கதான்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் மேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நல்ல காலால் உந்தி, சாண் சாணாக ஏறினாள். நான் கீழே இருந்து தாங்கினேன். ஒவ்வோர் உந்தலுக்கும் அம்மா அம்மா என்று அழுதாள். ஒருமுறை இருவருமே சறுக்கி, ஏறியதில் பாதியை இழந்தோம். அப்போது நானும் அழுதேன்.

முகட்டை எட்டியதும் லைன் கிடைத்தது. பொம்பாவுக்கு அழைத்தேன். தீயணைப்பு வீரர்கள் முகட்டு வழியாகவே ஏறி வந்து, இருட்டுவதற்குள் அக்காவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

கணுக்காலில் இரண்டு முறிவு. மருத்துவமனையில் அக்காவின் கணவர் கேட்டார்: "பாதை வழுக்கிடுச்சா?"

"ஆமாங்க, மழை" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

இப்போது நடக்கிறாள், கொஞ்சம் சாய்ந்து. அத்தானிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை கிள்ளானுக்கு ரயிலேறினேன். இரண்டு முறையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.