சத்தம் நிற்கிற பாட்டு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமந்து, பிறகு சொந்தமாக சவுண்ட் சர்வீஸ் போட்டேன். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் என் ஸ்பீக்கர் பாடாத கொடியேற்றம் கிடையாது. தொழிலில் எனக்கு ஒரே சட்டம்: செட் நடுவில் ஊமையாகக் கூடாது. சத்தம் நின்றால் அந்த நொடியே ஸ்பேர் செட்டைத் தட்டிவிடுவேன். அதில் மாதா பாட்டு எப்போதும் தயாராக இருக்கும்.

என் மகள் முதல் ஆல்பம் போட்டாள். ரெகேயும் ஹிப்ஹாப்பும் கலந்தது. ரெகே என்றால், நாம் எதிர்பார்க்கிற இடத்தில் விழாமல் தாளம் கொஞ்சம் தள்ளி விழும். நங்கூரம் போட்ட வள்ளம் ஆடுகிற மாதிரி. ஹிப்ஹாப் என்றால் மீன் ஏலம் கூறுகிறவன் போல மூச்சு விடாத பேச்சு. எல்லாமே கடலில் முங்கிச் சங்கு எடுக்கிற, சங்கு குளிக்கிறவர்களைப் பற்றிய பாட்டுகள். சென்னையில் மெச்சினார்களாம். அவளுக்கு அது போதவில்லை.

"சங்கு குளிக்கிற ஆளுக கேட்டு, இது எங்க பாட்டுன்னு சொல்லணும்ப்பா. இல்லன்னா நான் எழுதுனது பொய்யி."

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அன்று சாயங்காலம் கரையில் போட்டுக் காட்டுவதென்று முடிவானது.

மத்தியானம் சோதித்தோம். கடைசிப் பாட்டின் நடுவில் சட்டென்று சத்தம் நின்றது. என் கை தானாகப் போனது. மாதா பாட்டு முழங்கியது.

"எப்பா! என்ன செய்தீய?"

"ஏளா, சத்தம் போயிட்டுல்லா?"

"போகல. முங்குனவன் தண்ணிக்குள்ள இருக்கான். அவன் மேல வார வரைக்கும் சத்தம் கிடையாது. சாயங்காலம் நீங்க எதையும் தொடப்பிடாது, சொல்லிட்டேன்."

சாயங்காலம் நல்ல கூட்டம். பாட்டு ஒவ்வொன்றாகப் போனது. கேட்டவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகள் அவர்கள் நடுவில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பாட்டு வந்தது. சத்தம் நின்றது. நான் செட்டுக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தேன். என் வைராக்கியம் ஊருக்கே தெரியும். பின்னால் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். அதையும் பாட்டென்றே வைத்துக்கொண்டேன். நேரம் போனது. இன்னும் போனது.

முன்னால் உட்கார்ந்திருந்த சங்குகுளிக் கிழவர் ஒருவர் எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, முங்குனவன் இன்னும் வரலையே! கயித்த இழும்வே, செத்துரப்போறான்!"

கரையே சிரித்தது. மகள் ஓடி வந்தாள்.

"எப்பா, பீஸ் போயிருக்கு!"

சத்தம் திரும்புகிற இடத்தில் அவள் வைத்திருந்த பேஸ், நெஞ்சை அதிரவைக்கிற அந்த அடிச்சத்தம், மொத்தமாக இறங்கி பீஸைத் தின்றிருந்தது. திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் அந்தக் கிழவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பீஸில் தடித்த கம்பியைப் போட்டு, அதே பாட்டை முதலிலிருந்து விட்டேன். சத்தம் நின்றபோது கிழவர் மூச்சைப் பிடித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் பிடித்தார்கள். பேஸ் திரும்பி வந்ததும், "வந்துட்டாம்லே!" என்று கிழவர் தொடையில் அடித்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டேன்.

என் செட் ஊமையானது அந்த ஒரு தடவைதான். அதுவும் பிள்ளை சொல்லைக் கேட்டதால்.