தலைகீழாய் ஒரு குடை

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ரோசன்கார்ட்டன் பூங்காவில் மழையும் பனியும் கலந்து கொட்டுகின்றன. ஜப்பானியச் செர்ரி மரங்களின் கீழ் பாய் விரித்திருந்தவர்கள் எல்லோரும் உணவகத்துக்குள் ஓடிவிட்டார்கள். கிடைத்த ஒரு விடுமுறையில், இந்த வருடமாவது இந்தப் பூவைப் பார்த்தே தீருவது என்று ஷ்லீரனிலிருந்து ரயிலேறி வந்தவன் நான். குடையும் கைப்பேசியுமாக நிற்கிறேன். எப்படிப் பிடித்தாலும் படத்தில் சாம்பல் வானம்தான் விழுகிறது.

ஒரு மரத்தடியில் மட்டும் ஒரு தமிழ் அக்கா நனைந்தபடி நிற்கிறார். குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்திருக்கிறார். அதற்குள் இளஞ்சிவப்பு இதழ்கள் சேர்ந்திருக்கின்றன.

“என்னக்கா செய்யிறியள்?”

“சாமிப்படத்துக்குத் தம்பி. கொப்பில கை வைக்கக் கூடாது, அது இஞ்ச உள்ள சட்டம். நிலத்தில விழுந்த பூ சாமிக்கு வைக்கேலாது, அது எங்கட சட்டம். அதுதான் நடுவில பிடிக்கிறன்.”

“மழை விட்டாப்பிறகு பிடிக்கலாமே?”

“போன வருசம் அப்பிடி நினைச்சுத்தான் வீட்ட போனன். வீடு ஓஸ்டர்முண்டிகன்ல, கிட்டத்தானே, ஆஸ்பத்திரி வேலை இல்லாத நாள் வருவமெண்டு. வரேக்க மரம் முழுக்க இலை.”

குடையில் தண்ணீர் ஏறுகிறது. இதழ்கள் போகாமல் கையால் மறித்து, தண்ணீரை மட்டும் சரித்து ஊற்றிவிட்டு மறுபடியும் உயர்த்துகிறார்.

கைப்பேசியைப் பைக்குள் வைக்கிறேன். என் குடையையும் தலைகீழாகத் திருப்புகிறேன். குளிர்நீர் கழுத்துக்குள் இறங்குகிறது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் இடப்பக்கம் பிடியுங்கோ,” என்கிறார். “அங்கதான் கூடப் பூ கொட்டுது.”